அரசன் வந்தாள்: ஹட்ஷெப்சுட்டைத் தமிழில் எப்படி எழுதுவது?

வெள்ளைத்தாள் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சிறுவர் இதழ் ஒன்றுக்கு, எகிப்தை ஆண்ட ஹட்ஷெப்சுட் பற்றி நாலு பக்கம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். தகவல்கள் கையில் இருக்கின்றன. முதல் வாக்கியம்தான் நகர மாட்டேன் என்கிறது.

"எகிப்தின் அரசி ஹட்ஷெப்சுட்" என்று தொடங்கி, உடனே அடித்துவிட்டேன். பழைய எகிப்திய மொழியில் நாம் அரசி என்று பெயர்க்கிற சொல்லின் நேர்ப்பொருள் 'அரசனின் மனைவி'. அந்தப் பட்டம் அவருக்கு முதலில் இருந்தது உண்மைதான். முதலாம் துட்மோஸின் மகள், இரண்டாம் துட்மோஸின் பட்டத்து மனைவி. கி.மு. 1479 வாக்கில் கணவர் இறந்தார். இன்னொரு மனைவி ஈசெட்டுக்குப் பிறந்த மூன்றாம் துட்மோஸ்தான் வாரிசு, அப்போது அவன் சின்னப் பிள்ளை. அவன் பெயரில் ஆட்சியைக் கவனிக்கத் தொடங்கியவர், அவன் ஆட்சியின் ஏழாம் ஆண்டுக்குள் 'மாஅத்காரே' என்ற அரியணைப் பெயரோடு முழு அரசனாகவே ஆகிவிட்டார். 'அரசனின் மனைவி' பட்டம் அதோடு போயிற்று. அவரே விட்டுவிட்ட பட்டத்தை நான் ஏன் முதல் வரியில் சூட்ட வேண்டும்?

சரி, "அரசன் ஹட்ஷெப்சுட்" என்று போட்டால் படிக்கிற பிள்ளை ஆண் என்றுதான் நினைக்கும். நீங்களானால் எப்படி எழுதுவீர்கள்?

பத்தாயம் எழுதியது:

இதில் என்ன குழப்பம்? "அரசர் ஹட்ஷெப்சுட் எகிப்தை ஆண்டார்." ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும், மரியாதையும் இருக்கிறது. அடுத்த வரிக்குப் போங்கள்.

கல்லெழுத்து எழுதியது:

பத்தாயம் சொல்வது இலக்கணப்படி சரி. ஆனால் அந்த -ஆர் விகுதி, இந்தக் கதையிலேயே அருமையான ஓர் இடத்தை மூடி மறைத்துவிடும்.

1829இல் ஷாம்போலியோன் லக்சரின் மேற்குக் கரைக்குப் போகிறார். எகிப்திய எழுத்துகளைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்து ஏழே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அங்கே தெய்ர் எல்-பஹ்ரியில் ஹட்ஷெப்சுட் எடுத்த கோயிலின் சுவரில் ஓர் அரசன் நிற்கிறான். தாடி வைத்திருக்கிறான், அரச உடையில் இருக்கிறான். பக்கத்தில் புகழ்பெற்ற மூன்றாம் துட்மோஸ் இருந்தும் இந்த ஆளுக்குத்தான் முன்னிடம். அரசர் பட்டியல் எதிலும் காணாத பெயர். இதெல்லாம் கூடப் பரவாயில்லை, எழுத்துகளைப் படித்தால் அந்தத் தாடி வைத்த அரசனுக்குப் பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும் பெண்பாலில் இருக்கின்றன. எகிப்திய மொழியில் சொல்லின் கடைசியில் ஒரு 'த்' சேர்ந்தால் பெண்பால். மனிதர் திகைத்துப்போய் அதை எழுதியும் வைத்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் படிக்கிறவருக்கு இந்தத் திகைப்பை விளக்கித்தான் சொல்ல வேண்டும். தமிழருக்கு விளக்கமே வேண்டாம். "அரசன் வந்தாள், அமர்ந்தாள், கோயில் எடுத்தாள்" என்று ஒரு கல்வெட்டில் இருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதேதான் அவருக்கும் இருந்தது. "ஆண்டார்" என்று போட்டீர்களானால் இந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும்.

ஓய்வுபெற்ற_டீச்சர் எழுதியது:

நாற்பது வருடம் இலக்கணம் நடத்தியவள் என்ற உரிமையில் இரண்டு வார்த்தை.

முதலாவது, மரியாதை. "ராஜராஜன் கோயில் எடுத்தான்", "கரிகாலன் அணை கட்டினான்" என்கிறோம். அதில் யாரும் அவமதிப்பு பார்ப்பதில்லை. பழங்காலத்து மன்னர்களை -ஆன் போட்டுச் சொல்வது நம் மரபு, அதில் ஒரு சொந்தமும் இருக்கிறது. அம்மனை "அவள் பார்த்துக்கொள்வாள்" என்றுதான் சொல்கிறோம். ஆகவே "ஹட்ஷெப்சுட் கட்டினாள்" என்றால் ராஜராஜனுக்குக் கொடுக்கிற இடத்தையே அவளுக்கும் கொடுக்கிறோம். தாராளமாக எழுதுங்கள்.

இரண்டாவது, "அரசன் வந்தாள்" பால் வழுதான். ஆனால் வழுவமைதி என்று ஒன்று இருக்கிறதே! மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு போன்ற காரணங்களால் பாலும் திணையும் மாறி வந்தாலும் அது இயல்பே என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. வீட்டில் பெண் குழந்தை பள்ளி விட்டு வரும்போது பாட்டி என்ன சொல்கிறாள்? "என் ராஜா வந்துட்டா!" ராஜா ஆண்பால், வந்துட்டா பெண்பால். காது அதைப் பிழை என்று சொல்வதே இல்லை.

இன்னொன்று. தலைமை மனைவிக்கு எகிப்தியர் வைத்த பட்டம் 'பெரிய அரச மனைவி' என்று படித்திருக்கிறேன். நம் கோப்பெருந்தேவி அதற்கு அப்படியே பொருந்தும். கணவன் உயிரோடு இருந்தவரை ஹட்ஷெப்சுட் கோப்பெருந்தேவி. பிறகு கோ.

வெள்ளைத்தாள் எழுதியது:

டீச்சர், "என் ராஜா வந்துட்டா" போதும். இரண்டு வாரமாகத் தேடியது என் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது. இனி நானும் அவள் என்றே எழுதுகிறேன்.

நாலாம்வீடு எழுதியது:

சொல்லைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆளைப் பற்றியும் பேசுவோம். ஆண் வேடம் போட்டு மக்களை ஏமாற்றிச் சிறுவனின் அரியணையைப் பறித்தாள், அவன் வளர்ந்ததும் அவள் சிலைகளை எல்லாம் உடைத்துப் பழி தீர்த்தான் என்றுதான் நான் படித்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு எழுதும்போது அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதானே?

அட்லாண்டிக்கரை எழுதியது:

நாலாம்வீடு, 'ஏமாற்றி' என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சிலையை நேரில் பலமுறை பார்த்திருக்கிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவளுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. பெரிய கருங்கல் சிலைகள், ஸ்பிங்ஸ் எல்லாம் தாண்டி வந்தால் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லில் அமர்ந்த கோலத்தில் ஒரு சிலை. தலையில் அரசனுக்குரிய கோடு போட்ட தலைத்துணி, இடுப்பில் அரசனின் குறுந்துணி. உடம்போ மெலிந்த பெண்ணுடம்பு. மார்பு தெரிகிறது, தோள் குறுகல், முகவாய் கூர்மை. கூடவே செதுக்கிய பட்டங்களும் பெண்பாலில். இதைச் செய்யச் சொன்னவள் யாரை ஏமாற்ற நினைத்திருப்பாள்?

தாடியும் அகன்ற மார்புமாக ஆண் வடிவிலும் சிலைகள் உண்டு, பின்னால் வந்தவை பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் தன் பெயரை அவள் கடைசிவரை விடவில்லை. ஹட்ஷெப்சுட் என்றால் 'உயர்குலப் பெண்களில் முதலாமவள்'. தாடி வைத்த சிலையிலும் அந்தப் பெயர்தான். அரசன் என்ற வடிவம் எகிப்தில் ஓர் உடுப்பு மாதிரி. ஆளுகிறவர் அதை உடுத்தித்தான் கடவுள் முன்னால் நிற்க வேண்டும். அவளுக்கு முன்பே, 12ஆம் வம்சத்தின் முடிவில், சோபெக்நெஃபெரு என்ற பெண் முடி சூடியிருக்கிறாள். லூவரில் இருக்கும் அவள் சிலையில் பெண் உடைக்கு மேலேயே அரசனின் குறுந்துணியைக் கட்டியிருக்கிறாள்.

அந்த வெள்ளைச் சிலைக்கே ஒரு கதை உண்டு. உடற்பகுதியை 1845இல் ஜெர்மன் ஆய்வாளர் லெப்சியஸ் பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். எண்பது ஆண்டு கழித்து மெட்ரோபாலிட்டன் குழு தெய்ர் எல்-பஹ்ரியில் தோண்டும்போது தலையின் துண்டுகள் கிடைத்தன. இரண்டும் ஒரே சிலை என்று கண்டுபிடித்து, பெர்லினோடு பேசிப் பரிமாறிக்கொண்டு ஒட்டினார்கள். கிட்டே போனால் ஒட்டிய கோடு தெரியும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டின் முன்னால்தான் நெடுநேரம் நிற்பேன்.

கல்லெழுத்து எழுதியது:

இனி அந்தப் 'பழி' விஷயம். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடைத்தது உண்மை, செதுக்கி அழித்ததும் உண்மை. ஆனால் எப்போது என்று பாருங்கள். அவள் மறைந்தது மூன்றாம் துட்மோஸின் 22ஆம் ஆட்சியாண்டு வாக்கில். பெயரை அழிக்கும் வேலை தொடங்கியது ஏறக்குறைய 42ஆம் ஆண்டில். நடுவில் இருபது வருடம்! ஆத்திரத்தில் கொதிக்கிறவன் இருபது வருடம் சும்மா இருப்பானா? தனியாக ஆளத் தொடங்கிய புதிதில் அவன் செய்ததைப் பாருங்கள். லக்சரில் உள்ள கர்னாக் கோயில் வளாகத்தில் அவள் தொடங்கிய செந்நிறக் கோயிலின் மேல் வரிசைகளைத் தன் பெயரில் முடித்தான். அந்தக் கோயில் கற்களில் இருவரும் ஒரே உருவம், ஒரே உடையோடு முன்னும் பின்னுமாக நடக்கிறார்கள். பெயரைப் படித்தால்தான் யார் யார் என்று தெரியும். பின்னால் அதைப் பிரித்துக் கற்களை வேறு கட்டடங்களுக்குப் போட்டதால்தான் அவை பத்திரமாகக் கிடைத்தன. இப்போது கர்னாக் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடியும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அவள் ஆண்ட காலமெல்லாம் அவனும் அரசன்தான். பட்டத்தைப் பறிக்கவில்லை, வளர்ந்ததும் படையில் பொறுப்பு கொடுத்தாள். தனியாக ஆட்சிக்கு வந்த கையோடு இன்றைய இஸ்ரேலில் இருக்கும் மெகித்தோ வரை போய் ஜெயிக்கிற அளவுக்கு அவனிடம் படை தயாராக இருந்தது. தனக்கு எதிரி என்று நினைத்தவனிடம் யாராவது படையைக் கொடுப்பார்களா?

அப்புறம் ஏன் அழித்தான்? வயதான காலத்தில் தன் மகன் இரண்டாம் அமென்ஹொடெப்புக்கு வழியை நேராக்க வேண்டியிருந்தது என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம். முதலாம், இரண்டாம், மூன்றாம் துட்மோஸ், பிறகு அமென்ஹொடெப் என்று தந்தையிலிருந்து மகனுக்கு ஒரே கோடாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பெண் அரசன் நின்றால், அவள் வழிச் சொந்தக்காரர் யாராவது நாளைக்கு உரிமை கேட்கலாம். அதனால்தான் பல இடங்களில் அவள் பெயரை அழித்துவிட்டு அப்பாவின் பெயரையோ கணவனின் பெயரையோ பொறித்தார்கள். இதனால் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஜெர்மன் அறிஞர் சேத்தே பெரிய சிக்கலில் மாட்டினார். இறந்துபோன அப்பா எப்படி மகளின் சுவரில் பெயர் பொறித்தார்? மூன்று துட்மோஸ்களும் மாறி மாறி அரியணை ஏறி இறங்கினார்கள் என்று சிக்கலான ஒரு வரிசையையே போட்டார்.

சிலைகளைப் பற்றி 2025இல் ஆன்டிக்விட்டி என்ற தொல்லியல் இதழில் ஜுன் யீ வோங் ஒரு கட்டுரை எழுதினார். பழைய அகழாய்வுக் குறிப்புகளையும் படங்களையும் மறுபடி பார்த்ததில், பல சிலைகள் கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று குறிப்பிட்ட இடங்களில்தான் உடைக்கப்பட்டிருக்கின்றன, முகங்கள் பல நல்ல நிலையில் இருக்கின்றன என்கிறார். மற்ற மன்னர்களின் சிலைகளையும் இப்படி உடைத்து அவற்றின் சக்தியை அடக்குவது எகிப்தில் வழக்கம். மீதிச் சிதைவுக்குப் பெரும் காரணம், பின்னால் வந்தவர்கள் கல்லுக்காக எடுத்துப் பயன்படுத்தியது. நாம் இவ்வளவு நாள் கோபத்தைப் பார்த்த பல இடங்களில் அவர் ஒரு சடங்கைப் பார்க்கிறார்.

நாலாம்வீடு எழுதியது:

இருபது வருட இடைவெளி எனக்குத் தெரியாது. பழிக்குப் பழி என்ற பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோபத்தில் அழித்தாலும் கணக்குப் போட்டு அழித்தாலும், அழிந்தது அவள் பெயர்தானே? கோபம் ஒரு நாளில் தணியும். இது ஆட்களை அனுப்பி, சாரம் கட்டி, உளியால் வரி வரியாக நிதானமாகச் செய்த வேலை. எனக்கு இதுதான் அதிகமாக வலிக்கிறது. "சடங்கு", "வாரிசுரிமை" என்று விளக்கம் சொல்லும்போது அது சின்ன விஷயம் என்று பிள்ளைகளுக்குப் பட்டுவிடக் கூடாது.

மேற்குச்சன்னல் எழுதியது:

நாலாம்வீடு சொல்வதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கர்னாக்கில் கருவறையை ஒட்டி அவள் கட்டிய அறைகள் இருக்கின்றன. ஒரு சுவரில் இரண்டு தெய்வங்கள் இரு பக்கமும் நின்று குடத்திலிருந்து புனித நீரை ஊற்றுகிறார்கள். நீர் வளைந்து இறங்குகிறது. நடுவில் யாரும் இல்லை. கிட்டே போனால் ஆள் உயரத்துக்கு ஒரு வடிவம் பொளிந்து கிடக்கிறது. உளி பட்ட புள்ளிகள் தோள், இடுப்பு, கால் என்று விளிம்பு பிசகாமல் போகின்றன. எடுத்த இடமே அவள் உருவமாக நிற்கிறது. சுற்றியுள்ள தெய்வங்களின் மேல் ஒரு கீறல் இல்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அவளுடைய தூபி. ஏறக்குறைய 30 மீட்டர், அஸ்வான் சிவப்புக் கருங்கல், ஒரே கல். ஜோடியில் மற்றது விழுந்துவிட்டது, அதன் மேல்பகுதி குளத்தின் பக்கத்தில் கிடக்கிறது. நிற்கிற தூபியைச் சுற்றிப் பின்னால் சுவர் எழுப்பி மூடினார்கள். மூடியதால் எழுத்து பிழைத்தது. சுவர் மறைத்த பகுதிக்கும் வெளியே இருந்த பகுதிக்கும் நிற வேறுபாடு இன்றும் தெரியும்.

அடியில் உள்ள கல்வெட்டில் வேலை ஏழு மாதத்தில் முடிந்தது என்று பெருமையாகச் சொல்கிறாள். பிறகு குரலே மாறுகிறது. வருங்காலத்தில் இதைப் பார்க்கிற மக்கள் என்ன சொல்வார்களோ என்று நினைத்து என் மனம் இப்படியும் அப்படியும் அலைகிறது என்கிறாள். வழிகாட்டி அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது எங்கள் குழுவில் யாரும் பேசவில்லை.

பத்தாயம் எழுதியது:

முதலில் "அடுத்த வரிக்குப் போங்கள்" என்று சொன்னவன் நான். இப்போது நானே போக மனமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். சென்முட் என்று ஓர் அதிகாரி அவளோடு நெருக்கமாக இருந்ததாகச் சொல்கிறார்களே, அவரைப் பற்றி ஆதாரம் ஏதும் உண்டா?

கல்லெழுத்து எழுதியது:

சென்முட் இருந்தார், பெரிய ஆள். பெரிய குடும்பத்தில் பிறக்காதவர், அமூன் என்ற தெய்வத்தின் கோயில் சொத்துக்களையும் அரச குடும்பத்துச் சொத்துக்களையும் நிர்வகிக்கும் அளவுக்கு உயர்ந்தார். ஹட்ஷெப்சுட்டின் மகள் இளவரசி நெஃபெருரேக்கு அவர்தான் ஆசான். குந்தியிருக்கும் அவர் மேலாடைக்குள்ளிருந்து அந்தச் சிறுமியின் தலை மட்டும் எட்டிப் பார்க்கிற சிலைகள் இருக்கின்றன, பிள்ளைகளுக்குக் கட்டாயம் அந்தப் படத்தைப் போடுங்கள். தெய்ர் எல்-பஹ்ரிக்குப் பக்கத்தில் அவர் தோண்டிய கல்லறையின் கூரையில் வானத்து நட்சத்திரங்களை வரைந்திருக்கிறார்கள். எகிப்தில் தெரிந்த அப்படிப்பட்ட கூரைகளில் அதுவே பழமையானது. அவர் பெற்றோரின் கல்லறை 1936இல் திறக்கப்பட்டபோது, ஏழாம் ஆண்டு என்று எழுதிய ஜாடிகளோடு 'மாஅத்காரே' முத்திரையும் கிடைத்தது. முதல் பதிவில் வெள்ளைத்தாள் 'ஏழாம் ஆண்டுக்குள்' என்று எழுதியதற்கு அடிப்படை இதுதான்.

'நெருக்கம்' என்ற பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டுவது, கோயிலுக்கு மேலே ஒரு குகைச் சுவரில் யாரோ கிறுக்கிய ஆபாசப் படம். அதில் பெயர் இல்லை. அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற_டீச்சர் எழுதியது:

கல்லெழுத்து ஐயா சொன்னதோடு அந்த விஷயத்தை நிறுத்திக்கொள்வோம். மூன்றாம் துட்மோஸ் ஜெயித்தால் அவன் திறமை, அவள் ஜெயித்தால் பின்னால் யார் என்று தேடுகிறோம். வேலை தெரிந்த ஒருவரைக் குடும்பம் பார்க்காமல் உயர்த்தியது அவள் நிர்வாகத் திறமைக்குச் சான்றாக எனக்குப் படுகிறது.

மேற்குச்சன்னல் எழுதியது:

பிள்ளைகள் இதழ் என்றால் புன்ட் பயணத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள், தயவுசெய்து. ஒன்பதாம் ஆண்டில் செங்கடல் வழியாகக் கப்பல்களை அனுப்பினாள். புன்ட் என்பது இன்றைய எரித்ரியா, சோமாலியா பக்கம் என்பது பலருடைய கருத்து. அந்தப் பயணம் முழுவதும் கோயிலின் நடுத்தளச் சுவரில் ஓவியக் கதை மாதிரி ஓடுகிறது. கம்பங்களின் மேல் நிற்கும் குடில்கள், ஏறுவதற்கு ஏணி. புன்ட் தலைவன் பராஹு, அவன் மனைவி அத்தி. மூட்டைகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் பலகை வழியாகக் கப்பலில் ஏறுகிறார்கள், குரங்குகள் மேலே உலாவுகின்றன. கப்பலுக்குக் கீழே தண்ணீரில் மீன்கள்: எந்தெந்த வகை மீன் என்று அறிவியலாளர்கள் சொல்ல முடிகிற அளவுக்குத் துல்லியம். போனவர்களில் யாரோ கூடவே வரைந்துகொண்டு வந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது மரங்கள்தான். வாசனைப் பிசின் தரும் மரங்களை வேரோடும் மண்ணோடும் கூடையில் வைத்து, கழியில் கட்டி, தோளில் தூக்கி வருகிறார்கள். 31 மரங்கள். பிசினை மட்டும் வாங்கி வந்தால் தீர்ந்ததும் மறுபடி போக வேண்டும். மரத்தையே கொண்டுவந்து அமூன் கோயிலில் நட வேண்டும் என்று நினைத்தாள். நாற்றுப் பிடுங்கி நட்டுப் பழகிய யாருக்கும் அந்தக் கூடையைப் பார்த்தால் பதற்றமாக இருக்கும், கடல் காற்றில் அது எப்படித் தாங்கியதோ!

வெள்ளைத்தாள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதல் பத்தி வந்துவிட்டது:

"ஏறக்குறைய 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் ஓர் அரசன் இருந்தாள். ஆமாம், இருந்தாள். அவள் பெயர் ஹட்ஷெப்சுட். அவள் தாடி வைத்த சிலையிலும் எழுத்தர்கள் அவளைப் பெண்பாலில்தான் எழுதினார்கள். உன் பாட்டி 'என் ராஜா வந்துட்டா' என்று சொல்வாள் அல்லவா, அதே மாதிரி. பிறகு அவள் பெயரை உளியால் அழித்தார்கள். அவசரப்படாமல், நன்றாக யோசித்து அழித்தார்கள். அவள் மறைந்ததும் மூன்றாம் துட்மோஸ் அரசனானான்."

நாலாம்வீடு, "நன்றாக யோசித்து" என்பது உங்களுக்காகச் சேர்த்தது. அரசர் பட்டியலில் விட்டுவிட்டார்கள் என்பதை அடுத்த பத்தியில் வைக்கிறேன். அபிடோஸில் முதலாம் சேத்தி செதுக்கிய 76 பெயர்களில் அவள் இல்லை. ஆனால் அவள் மறைந்து ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து மனெத்தோ என்ற எகிப்தியப் பூசாரி எழுதிய வரலாற்றில், பெயர் உருமாறி, 21 வருடம் 9 மாதம் ஆண்ட ஒரு பெண் இருக்கிறாள். சுவரில் அழித்தவர்களுக்கு ஏடுகள் எல்லாவற்றையும் எட்ட முடியவில்லை.

கல்லெழுத்து எழுதியது:

மிக நன்று. ஒரே ஒரு திருத்தம். "மூன்றாம் துட்மோஸ் அரசனானான்" என்று முடித்திருக்கிறீர்கள். அவன் குழந்தையாக இருந்தபோதே அரசன். "தனியாக ஆளத் தொடங்கினான்" என்று மாற்றுங்கள்.

வெள்ளைத்தாள் எழுதியது:

மாற்றிவிட்டேன் ஐயா. மேற்குச்சன்னல், அந்த மரக் கூடைப் படம் உங்களிடம் நல்ல வெளிச்சத்தில் எடுத்தது இருந்தால் அனுப்ப முடியுமா? ஓவியர் அதைப் பார்த்து வரைவதாகச் சொல்லியிருக்கிறார்.